ஆப் செய்வதற்கு முன் ஊரில் ஓர் ஆளைத் தேடுங்கள்

கேள்வி: சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, எங்களில் ஒருவரின் சொந்த ஊரான உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் சிறு விவசாயிகளுக்கு டிஜிட்டல் கருவிகளையும் அவற்றுக்கான பயிற்சியையும் கொண்டுபோக நினைக்கிறோம். ஓர் ஆப் உருவாக்கலாம் என்கிறார்கள் சிலர். கணினி மையம் திறக்கலாம் என்கிறார்கள் சிலர். எது சரி? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டும் வேண்டாம். எண்ணத்தை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

தரமணியிலிருந்தும் கிண்டியிலிருந்தும் கிராமங்களை நோக்கிக் கிளம்பிய இத்தகைய முயற்சிகளோடு வேலை நிமித்தமாக நெடுநாள் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். கருவி சரியில்லாமல் நின்றுபோன திட்டங்கள் கொஞ்சம்தான். கருவியைத் தொட்ட விவசாயிக்கு மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இல்லாமல் நின்றுபோனவையே அதிகம். எனக்குச் சொல்ல இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சியமும் வேலை முறையும்.

1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சாவூர் விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்கு மாறினார்கள். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. தகவல் தொடர்பின் வெற்றி என்று இதை மேடைதோறும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அதே காலத்தில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்தில் இருந்தது. வானொலியில் கேட்ட விதை டிப்போவில் கிடைத்தது, உரத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைத்தது, சந்தேகம் கேட்டால் கிராம சேவக் என்ற அரசு ஊழியர் வரப்பில் வந்து நின்றார். இவை இல்லாத மாவட்டத்தில் அதே வானொலி பாட்டுக் கேட்கத்தான் பயன்பட்டிருக்கும்.

கணினி மைய யோசனைக்கு வருகிறேன். அதை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் சென்னைக்காரர்களே. தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுநாயகம், சுற்றிலும் எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்கள். இடத்தை ஊரே இலவசமாகத் தர வேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வந்து போகலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். இவற்றுக்குப் பிறகுதான் கணினி வந்தது. வீராம்பட்டினம் மீனவர் ஊர். அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொடவே இல்லை. காது கொடுத்தால் போதுமானதாக இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தபோது, அறிவு மையத்தின் ஒலிபெருக்கிதான் ஊரைக் கரையிலிருந்து விலக்கியது. 

இன்னொரு பெரிய முயற்சி ஐஐடி மெட்ராஸிலிருந்து புறப்பட்டது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் 2001 வாக்கில் இணைய மையங்கள் முளைத்தன. உள்ளூர் இளைஞர் கடன் வாங்கி நடத்துவார், வரும் கட்டணத்தில் கடனை அடைப்பார் என்பது கணக்கு. பிறப்புச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் ஆகியவற்றை அங்கிருந்தே அனுப்பலாம் என்றவுடன் கூட்டம் வந்தது. மனுக்களுக்குப் பதில் சொல்லும்படி பார்த்துக்கொண்ட அதிகாரிகள் மாறிப் போனதும் பதில் வருவது தேய்ந்தது, கூட்டமும் தேய்ந்தது. சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன. இன்று எல்லார் கையிலும் போன் இருக்கும்போது அந்த மையத்தைத் திரும்பக் கட்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. சான்றிதழ் வேலைக்கு அரசு இ-சேவை மையங்கள் இருக்கின்றன.

அடுத்தது ஆப். நகரத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குழுவும் முதலில் செய்ய நினைப்பது சந்தை விலையைச் சொல்லும் ஆப்தான். “விலை தெரியாததால்தான் விவசாயி ஏமாறுகிறான்” என்பது அதன் அடிப்படை. கேரள மீனவர்களைப் பற்றிய ராபர்ட் ஜென்சனின் ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வார்கள். 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கடற்கரையில் செல்போன் வந்ததும், ஊருக்கு ஊர் மாறிக் கிடந்த மத்தி விலை சமனானது; மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. உண்மைதான். ஆனால் படகுக்காரர் நடுக்கடலிலேயே முடிவை மாற்றி வேறு கரைக்குத் திருப்ப முடியும்.

மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் நடந்த இன்னோர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. விலையையும் வானிலையையும் குறுஞ்செய்தியில் பெற்ற விவசாயிகளும் பெறாதவர்களும் விற்ற விலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. ஏன் என்பதற்கு நீங்கள் கோயம்பேட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். கத்தரியும் வெண்டையும் சாயங்காலம் பறித்து, இரவு பொதுவாகப் பிடிக்கும் மினி லாரியில் ஏறி, நடுநிசிக்கு மேல் கமிஷன் கடையில் இறங்குகின்றன. விவசாயி உடன் வருவதில்லை. மறுநாள் டிரைவர் கையில் ஒரு சீட்டு வரும்: இத்தனை மூட்டை, இன்ன விலை, கழிவு இவ்வளவு, கமிஷன் இவ்வளவு, இறக்குக்கூலி, வண்டி வாடகை, மீதி இவ்வளவு. அந்தக் கடைக்காரர் போன பட்டத்தில் விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்தவர். பக்கத்துக் கடையில் கிலோவுக்கு மூன்று ரூபாய் கூட என்று ஆப் சொன்னால், சரக்கை அங்கே மாற்றிப் போடுகிற துணிச்சல் விவசாயிக்கு எங்கிருந்து வரும்? மகள் கல்யாணத்துக்கும் அதே முதலாளியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஐடிசி நிறுவனம் 2000இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய இ-சௌபால் என்ற கொள்முதல் திட்டம் ஏன் பலித்தது என்பதும் இதிலேயே விளங்கும். அது விலையை அறிவித்ததோடு நிற்கவில்லை. அறிவித்த விலைக்குச் சோயாவை வாங்கியது. வாங்க இன்னொருவர் வந்து நின்றதால் மண்டியிலும் விலை 1 முதல் 3 சதவீதம் வரை ஏறியதாக ஆய்வு காட்டியது.

ஆகவே விலை ஆப்புக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். அந்தச் சீட்டுகளைச் சேருங்கள். ஊரில் காய்கறி போடும் பத்துப் பேரிடம், சீட்டு வந்தவுடன் போனில் படம் பிடித்து ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் அதை ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். ஒரு பட்டம் முடிந்ததும் ஒரே நாளில், ஒரே சரக்குக்கு, எந்தக் கடை என்ன விலை போட்டது, கழிவு என்ற பெயரில் எவ்வளவு போயிற்று, வாடகை யாருக்குக் கூட என்பதெல்லாம் வெளிச்சமாகிவிடும். இந்தக் கணக்கு இதுவரை ஊரில் யாரிடமும் இருந்ததில்லை; கடைக்காரரிடம் மட்டும் இருந்தது. பத்துப் பேர் சேர்ந்து வாடகை பேசவும், கழிவைக் குறைக்கச் சொல்லவும் அது உதவும். சீட்டில் இருக்கும் பெயர்களையும் கடன் பாக்கியையும் வெளியே காட்டாதீர்கள். கடைக்காரரைத் திருடன் என்று சித்திரிக்கவும் வேண்டாம். விளைச்சல் போனால் நிலுவையைத் தள்ளிப்போடுபவர் அவர்தான், வங்கி அல்ல.

விவசாயிகளுக்குப் புதிய தொழில்நுட்பம் ஏறாது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், அவரை ஒரு மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சிம் கார்டு போட்ட இன்னொரு பெட்டி இருக்கும். விவசாய இணைப்புக்கு மும்முனை மின்சாரம் எந்நேரமும் வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வந்தால், இருட்டில் வரப்பேறிப் பாம்புக்குப் பயந்துகொண்டு போய் மோட்டார் போட வேண்டும். இந்தப் பெட்டி வந்த பிறகு, மின்சாரம் வந்ததும் அதுவே விவசாயியின் போனுக்குக் கூப்பிடுகிறது. படுத்தபடி எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றினால் நிறுத்திவிடுகிறது. பட்டன் போனே போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள்கூட அசராமல் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பயிற்சி முகாமும் இல்லாமல் ஊர் ஊராக இது பரவிவிட்டது. பிறகுதான் வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் தரத் தொடங்கியது. அதை விற்பவர் யார் தெரியுமா? டவுனில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர். பெட்டி மக்கர் செய்தால் அவருடைய பையன் பைக்கில் வந்து பார்ப்பான்.

நீங்கள் செய்ய நினைக்கும் ஆப்பில் இருக்கும் முக்கால்வாசி வசதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழக அரசின் உழவன் செயலி 2018 ஏப்ரலில் வந்தது. மானியப் பதிவு, விதை இருப்பு, உர இருப்பு, வாடகை இயந்திரம், சந்தை விலை எல்லாம் அதில் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தமிழில் பயிர்வாரியாகக் கடல்போல் தகவல் கிடக்கிறது. 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை தமிழில் கேட்கலாம், கட்டணம் கிடையாது. இவை போதாது என்று நினைத்தால், ஏன் போதவில்லை என்பதை ஊரில் உட்கார்ந்து பார்த்தபின் எழுதுங்கள் உங்கள் முதல் வரி நிரலை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். மாதச் சந்தா கட்டி ஆப் பயன்படுத்தும் வாடிக்கையாளரை இங்கே தேடாதீர்கள். படிவம் ஏதாவது தயாரித்தால் ஹெக்டேர் கேட்காதீர்கள். ஏக்கரும் சென்டும் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் காணிக்கணக்கும் வரும். ஒரு காணி 1.32 ஏக்கர்.

முதல் வேலையாக எதை எடுப்பது? காகிதத்தை. இது உங்களுக்குச் சுவாரசியமாக இருக்காது என்று தெரியும். ஆனால் டிஜிட்டல் என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைய விவசாயிக்கு நினைவுக்கு வருவது ஓடிபி, ஆதார் இணைப்பு, கைரேகை, ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்ற செய்தி. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் தவணை நின்றுபோயிருக்கும். காரணம், கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பை முடிக்கவில்லை. பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். அல்லது கூட்டுப் பட்டாவில் ஏழு பங்காளிகள் இருப்பார்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பட்டாவில் தகப்பனார் பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் மூன்றாவது விதம். களை பறித்துப் பறித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும். விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கத் தொடங்கியபின் இந்தப் பெயர்க் குழப்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. ஒரு குடும்பத்துக்கு இந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுங்கள். அடுத்த வாரம் நீங்கள் கூப்பிடாமலே ஊர் வரும்.

இந்த இடத்தில் குத்தகைக்காரரை மறந்துவிடாதீர்கள். உழுகிறவர் ஒருவர், பட்டாதாரர் சென்னையில் அடுக்குமாடியில். உங்கள் குழுவிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம். பிஎம் கிசான் நில உடைமையாளருக்குத்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் இரண்டும் கேட்பார்கள். பயிர்க் காப்பீட்டில் மட்டும் குத்தகைக்காரரும் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க வேண்டும். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அந்த அடங்கலைக் காலத்தோடு வாங்கிக் கொடுப்பது ஓர் ஆப்பை விடப் பெரிய சேவை.

அடுத்து, மறுமுனையில் பதில் சொல்ல வேண்டிய அந்த ஆள். ஊரிலேயே இருக்கிற, பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரியோ முடித்த ஒரு பெண்ணைத் தேடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுபவராக இருந்தால் நல்லது. பத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசும் உரிமை அவருக்கு ஏற்கெனவே இருக்கும். சம்பளம் கொடுங்கள். தன்னார்வலர் என்று அழகாகப் பெயர் வைத்துச் சும்மா வேலை வாங்காதீர்கள். ஆறாவது மாதம் அவர் ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார், அது நியாயமும்கூட. கூடவே அவர் கைபேசியில் நான்கு எண்கள் இருக்க வேண்டும்: உதவி வேளாண்மை அலுவலர், கிராம நிர்வாக அலுவலர், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம், கால்நடை மருத்துவர். இந்த நால்வரையும் நீங்களே நேரில் போய்ப் பார்த்து, “இந்தப் பெண் கூப்பிட்டால் எடுங்கள், ஐயா” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்ணைத் தேடச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. நாற்று நடுவது, களை எடுப்பது, மாடு கறப்பது எல்லாம் பெண்கள். ஸ்மார்ட்போன் கணவன் சட்டைப்பையில். ‘ஊர் விவசாயிகள்’ என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினால் அதில் ஆண்கள் மட்டுமே இருப்பார்கள். பயிரைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் வெளியே நிற்பார்கள். குரல் பதிவுகளை அந்தப் பெண் நேரில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டட்டும்.

பயிற்சி என்று நாற்காலி போட்டு, திரையில் படம் காட்டி, டீயும் வடையும் கொடுக்காதீர்கள். வடை தீர்ந்ததும் வகுப்பு தீர்ந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு திறமை, அதுவும் தேவை வந்த அன்று. நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்ட வாரம்தான் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய வாரம். பெரும்பாலோர் உச்சி வெயிலில் ஓர் எட்டு அடி தள்ளி நின்று எடுப்பார்கள். எல்லாம் பச்சையாகத் தெரியும். இலையைக் கிள்ளாமல் உடல் நிழலில் பிடித்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து ஒரு படம்; முழுத் தூர் ஒரு படம்; வயல் முழுவதும் ஒரு படம். நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன போட்டார் என்று ஒரு குரல் பதிவு. இவ்வளவும் சேர்ந்து போனால்தான் மறுமுனையில் இருக்கும் அலுவலர் ஏதாவது சொல்ல முடியும். படத்தை வைத்து நோய் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன, கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மருந்தின் பெயரையும் அளவையும் மனிதர் ஒருவர் சரிபார்க்காமல் தெளிக்க விடாதீர்கள். உரக்கடைக்காரரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஊரின் முதல் ஆலோசகர் அவர்தான். அவரும் கடன் கொடுப்பவர்தான்.

வானிலை விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி, நுங்கம்பாக்கத்து வானிலை மையத்தைத் தாண்டிக் கேட்க வேண்டியதில்லை. இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி என்று வாரம் இருமுறை வருகிறது. மேக்தூத் செயலியிலும் கிடைக்கும். அதை அப்படியே அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ‘நாளைக்கு மருந்து அடிக்காதீர்கள், மழை கழுவிவிடும், வியாழன் பிற்பகல் அடிக்கலாம்’ என்று அரை நிமிடக் குரலில் அந்தப் பெண்ணே ஊர்ப் பேச்சில் சொல்லட்டும்.

ஏமாற்று பற்றியும் முதல் மாதமே பேசிவிடுங்கள். ‘பிஎம் கிசான் புதிய பட்டியல்’ என்ற பெயரில் ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, வாட்ஸ்அப்பில் வருகிறது. தொட்டு நிறுவினால் போனிலிருக்கும் குறுஞ்செய்தி எல்லாம் திருடனுக்குப் போகும், வங்கிக் கணக்கு காலி. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருவதால் நம்பிவிடுகிறார்கள். பணம் போனால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டுச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்; போனில் சேமித்து வைத்தால் அந்த நேரத்தில் கிடைக்காது.

செலவுக் கணக்கைப் பொறுத்தவரை, ஓர் ஆப்பை வடிவமைக்க ஒதுக்கியிருக்கும் தொகையை அந்தப் பெண்ணின் இரண்டு வருடச் சம்பளமாக ஒதுக்கி வங்கியில் போடுங்கள். சம்பா, நவரை, சொர்ணவாரி மூன்றையும் ஒரு சுற்றுப் பார்க்காமல் எந்த மென்பொருளும் எழுத வேண்டாம். அதன் பிறகும் ஏதாவது எழுதத் தோன்றினால், அது பெரும்பாலும் அந்தச் சீட்டுகளுக்கான ஒரு சின்ன நிரலாகத்தான் இருக்கும்.

ஆனி மாதத்தில் போங்கள்; ஆடி, ஆவணியில் சம்பா நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. முதல் தடவை மடிக்கணினியைக் கொண்டுபோகாதீர்கள். டீக்கடையிலும் மோட்டார் கொட்டகையிலும் உட்கார்ந்து, கடைசியாக யாருக்குப் போன் செய்தீர்கள், எந்தத் தவணை நின்றிருக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, போன வாரச் சீட்டு கையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்போடு மறுபடி எழுதினால், எந்த வேலையை முதலில் எடுப்பது என்று இதைவிடத் துல்லியமாகச் சொல்கிறேன்.